சிப் இருக்குதுங்க, டிரைவர் இருக்குதுங்களா? கோவைப் பக்கம் செகண்ட்ஸ் போன் வாங்குவோருக்கு ஒரு விமர்சனம்

காந்திபுரம், ஒப்பணக்கார வீதி, ஈரோடு பன்னீர்செல்வம் பார்க், திருப்பூர் குமரன் ரோடு என்று எங்கே செகண்ட்ஸ் மொபைல் கடையில் நின்றாலும் கேட்பது ஒரே பேச்சுதான். "ஏனுங்க, இதுல கேம் லேக் இல்லாம ஓடுமுங்களா?" "ஸ்னாப்டிராகன் 860ங்க, 8 ஜிபி ரேமுங்க, அருமையா ஓடுமுங்க." சிப் பெயரும் ரேமும் சொன்னவுடன் விலை பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தச் சிப்புக்குள் இருக்கிற கிராஃபிக்ஸ் பகுதிக்கு, அதாவது ஜிபியுவுக்கு, கம்பெனி கடைசியாக எந்த வருடம் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) கொடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. பழைய ஃபிளாக்ஷிப் (கம்பெனியின் உச்ச மாடல்) எடுப்பதா, அதே காசுக்குப் புது பட்ஜெட் போன் எடுப்பதா என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தத் தேதியில் இருக்கிறது. மீதி விடை, அந்த டிரைவர் ஏன் அங்கேயே நின்றுபோனது என்பதில் இருக்கிறது.

முதலில் இரண்டு போன்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். போக்கோ எக்ஸ்3 ப்ரோ 2021 மார்ச்சில் 18,999 ரூபாய்க்கு வந்தது. சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி 2024 அக்டோபரில் அதே 18,999க்கு வந்தது. முதல் போனில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் 860, அதில் அட்ரினோ 640 என்ற ஜிபியு. இது 855 சிப்பில் இருந்த அதே ஜிபியு. இரண்டாவதில் மீடியாடெக்கின் டைமென்சிட்டி 6300, அதில் மாலி-ஜி57 எம்சி2 ஜிபியு. எம்சி2 என்றால் இரண்டு கோர். ஜி57 என்பது ஆர்ம் நிறுவனம் 2019இல் அறிவித்த வடிவம். ஹீலியோ ஜி99, டைமென்சிட்டி 700, டைமென்சிட்டி 6300 மூன்றிலும் இதே ஜி57 எம்சி2தான் உட்கார்ந்திருக்கிறது, கடிகார வேகம் மட்டும் கொஞ்சம் மாறும். படம் வரைகிற பலத்தில் அட்ரினோ 640 இதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் ஏ16க்கு 6 ஆண்ட்ராய்டு அப்டேட் என்று சாம்சங் வாக்குக் கொடுத்திருக்கிறது. எக்ஸ்3 ப்ரோவின் அப்டேட் கதை முடிந்துவிட்டது. பலம் ஒரு பக்கம், ஆதரவு இன்னொரு பக்கம். வாங்குபவர் தவறுவது இந்த இடத்தில்தான்.

டிரைவர் என்பது ஒரே துண்டு மென்பொருள் அல்ல. ஆண்ட்ராய்டின் அடிமையமான கெர்னலுக்குள் ஒரு பாதி. ஆப்களோடு சேர்ந்து ஓடுகிற இன்னொரு பாதி. ஷேடர் கம்பைலர், கேம்கள் படம் வரையக் கட்டளையிடும் மொழிகளான ஓப்பன்ஜிஎல், வல்கன் எல்லாம் இந்த இரண்டாவது பாதிக்குள் இருக்கின்றன. கேம் எழுதியவர் கொடுக்கும் கட்டளையை ஜிபியுவுக்குப் புரிகிற கட்டளையாக மாற்றுவது இதன் வேலை. இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தாதபடி ஒன்றை மட்டும் புதிதாக்கினால் போன் லோகோவிலேயே நின்றுவிடலாம், அல்லது திரை கறுப்பாகலாம். இந்த டிரைவர் குறைபட்டதாக இருந்தால் ஜிபியு எவ்வளவு பெரியதாக இருந்தும் பயனில்லை. மூன்று ஃபேஸ் மோட்டாரை வாங்கிக் கிணற்றில் இறக்கிவிட்டு, வீட்டு சிங்கிள் ஃபேஸ் லைனைக் கொடுத்த மாதிரிதான்.

கடையில் இதை எப்படிப் பார்ப்பது? போனின் உள்விவரங்களைக் காட்டும் ஏஐடிஏ64 ஆப்பைப் போட்டு டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்தால் ஜிபியு பெயருக்குக் கீழே ஓப்பன்ஜிஎல் இஎஸ் 3.2 என்று தொடங்கும் ஒரு நீள வரி இருக்கும். அட்ரினோ என்றால் அந்த வரியில் முதலில் டிரைவர் எண் வரும், வி@415.0 என்பது போல. அதே வரியின் கடைசியில் அடைப்புக்குள் ஒரு தேதி இருக்கும்: 11/06/19. முதலில் மாதம், பிறகு நாள், பிறகு வருடம். அதுதான் அந்த டிரைவர் கட்டப்பட்ட நாள். போனில் ஆண்ட்ராய்டு 12 என்றோ 13 என்றோ காட்டும். ஆனால் இந்த வரியில் தேதி 2019இலோ 2020இலோ நிற்கலாம். மாலி என்றால் தேதி இருக்காது, ஆர்32பி1 மாதிரி ஒரு வெளியீட்டு எண் இருக்கும். ஆர் பக்கத்தில் உள்ள எண் கூடக் கூடப் புதியது. இந்த ஒரு வரியைப் படிக்கக் கற்றுக்கொண்டால் கடைக்காரர் சொல்வதில் பாதியைச் சரிபார்த்துவிடலாம்.

ஆண்ட்ராய்டு புதிது, டிரைவர் பழையது. இது எப்படி நடக்கிறது என்று பலருக்குக் குழப்பம். 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது கூகுள் ட்ரெபிள் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சிப் கம்பெனியின் மென்பொருள் வெண்டார் என்ற தனிப் பகுதியில் இருக்கும். ஆண்ட்ராய்டு இன்னொரு பகுதியில் இருக்கும். மேல்பகுதியை மாற்ற கீழ்ப்பகுதியைத் தொட வேண்டியதில்லை. இதனால் அப்டேட் கொடுப்பது எளிதானது, அது நல்லதுதான். ஆனால் கீழே இருக்கிற ஜிபியு டிரைவரைத் தொடாமலேயே "புது ஆண்ட்ராய்டு கொடுத்துவிட்டோம்" என்று சொல்லவும் அதே கதவு திறந்துவிட்டது. 2020 டிசம்பரில் குவால்காமும் கூகுளும் சேர்ந்து ஸ்னாப்டிராகன் 888 முதல் 4 ஆண்ட்ராய்டு பதிப்பு, 4 வருட பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்ததும் இந்த அடித்தளத்தின் மேல்தான். அந்த ஆதரவு ஆண்ட்ராய்டு பதிப்புக்கானது. ஜிபியுவின் புதிய வசதிகளைத் திறந்துவிடுவதாக அதில் வாக்கு இல்லை.

இருக்கிற ஹார்டுவேரை ஏன் கம்பெனி திறந்துவிடுவதில்லை என்பதற்குப் பழைய, தெளிவான உதாரணம் 2007ஆம் ஆண்டின் எச்டிசி டைட்டன் 2. உள்ளே குவால்காமின் எம்எஸ்எம்7200, 400 மெகாஹெர்ட்ஸ். சிப்பில் கிராஃபிக்ஸ் முடுக்கி இருந்தது, விண்டோஸ் மொபைலில் அதற்கு டிரைவர் இல்லை. திரையை நகர்த்துவதும் வீடியோ ஓட்டுவதும் முழுக்கச் சிபியுவின் தலையில் விழுந்தது. வாங்கியவர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குப் போடும் பேச்சு வரைக்கும் போனார்கள். 2008 தொடக்கத்தில் கம்பெனி சொன்ன பதில்: இது சாதாரண டிரைவர் அப்டேட் அல்ல, பெரிய மென்பொருள் வேலையும் காலமும் தேவை, எனவே சேர்ப்பதாக இல்லை. சிப் என்பது பல வசதிகள் கொண்ட மேடை, எதைத் திறப்பது என்பது பேட்டரி, விலை, மென்பொருள் எல்லாம் பார்த்து முடிவாகும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் விற்கும்போது சிப் பெயரைச் சொல்லி விற்றுவிட்டு, பிறகு இதைச் சொல்வது சரியல்ல. இன்றைக்கும் பெட்டியின் மேல் சிப் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. எந்த வசதி திறந்திருக்கிறது என்று எந்தப் பெட்டியும் சொல்வதில்லை.

அதன் பிறகு நடந்தவற்றைப் பார்த்தால் காரணம் ஒவ்வொரு முறையும் வேறு. கூகுளின் 2011 போனான கேலக்ஸி நெக்ஸஸில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமாப் சிப், அதில் பவர்விஆர் ஜிபியு. 2012இல் அந்த நிறுவனம் போன் சிப் தொழிலிலிருந்தே விலகியது. 2013இல் ஆண்ட்ராய்டு 4.4 அந்தப் போனுக்கு இல்லை என்று கூகுள் அறிவித்தது. 18 மாத அப்டேட் காலம் முடிந்தது என்பது கூகுள் சொன்ன காரணம், ஆனால் டிரைவர் எழுத ஆளில்லாத சிப்பை யாரும் நீண்ட நாள் தூக்கிச் சுமக்க முடியாது. நெக்ஸஸ் 5இன் ஸ்னாப்டிராகன் 800க்கு ஆண்ட்ராய்டு 7 வரவில்லை. சோனி எக்ஸ்பீரியா இசட்3யில் அதே குடும்பத்து 801. ஆண்ட்ராய்டு 7இன் முன்னோட்டப் பதிப்பு அதில் ஓடிக்கூட விட்டது, இறுதிப் பதிப்பு வரவில்லை. இரண்டிலும் அட்ரினோ 330, அதற்குக் குவால்காமின் வல்கன் டிரைவர் கிடையாது.

இன்னொரு வகை, டிரைவர் தயாராக இருந்தும் கொள்கைக்காக எடுத்துவிடுவது. நெக்ஸஸ் 4, நெக்ஸஸ் 10 இரண்டிலும் முதலில் ஓப்பன்சிஎல் நூலகம் உள்ளே இருந்தது. ஜிபியுவைக் கணக்குப் போட வைக்க அது உதவும். படம், வீடியோ எடிட்டிங் ஆப்களுக்கு மிகவும் வேண்டியது. ஆண்ட்ராய்டு 4.3இல் கூகுள் அதை எடுத்துவிட்டது. தன்னுடைய ரெண்டர்ஸ்கிரிப்டைத்தான் எல்லோரும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. பிறகு 2021இல் ஆண்ட்ராய்டு 12 வந்தபோது அந்த ரெண்டர்ஸ்கிரிப்ட்டையும் கைவிட்டார்கள். நடுவில் எத்தனை ஆப்கள் ஜிபியுவை விட்டுவிட்டுச் சிபியுவிலேயே ஓடின!

லைசென்ஸ் காசு இன்னொரு பூட்டு. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி போர்டில் எம்பெக்-2 வீடியோவை விரிக்கும் ஹார்டுவேர் இருந்தும் பூட்டிவைத்து, 2012இல் 2.40 பவுண்டுக்குச் சாவி விற்றார்கள். அங்கே குறைந்தபட்சம் வெளிப்படையாகச் சொன்னார்கள். நம் ஊரில் எஃப்எம் ரேடியோ கதையும் இதே குடும்பம்தான். சிப்பில் வசதி இருந்தும் போனில் ஆப் இல்லை என்பதால் கோவை ரெயின்போவை இயர்போனில் கேட்க முடியாமல் போனவர்கள் பலர். 2023இல் மத்திய மின்னணுவியல் அமைச்சகமே, வசதி உள்ள போன்களில் எஃப்எம்மை முடக்கி வைக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்ப வேண்டியிருந்தது. ஜிபியுவுக்கு அப்படிக் கேட்க ஆளில்லை.

இவை எல்லாவற்றையும்விட அன்றாடம் நடக்கும் காரணம் செலவுதான். மாலி டிரைவரை ஆர்ம் எழுதுகிறது. மீடியாடெக் அதை வாங்கித் தன் சிப்புக்குப் பொருத்துகிறது. போன் கம்பெனி அதை வாங்கித் தன் மாடலுக்குப் பொருத்துகிறது. பிறகு கூகுளின் பொருத்தச் சோதனைகள். கிராஃபிக்ஸுக்கு மட்டுமே பல ஆயிரம் சோதனைகள். ஒவ்வொரு மாடலுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். புது டிரைவரில் ஏதோ ஒரு கேமில் மரத்தின் நிழல் கறுப்புக் கட்டமாக வந்தால், புகார் வருவது ஆர்முக்கு அல்ல, போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு. 15,000 ரூபாய் போனில் நிற்கும் லாபத்தில் இந்த வேலைக்கு யாரும் ஆள் போட மாட்டார்கள். பாதுகாப்பு ஓட்டையாக இருந்தால்கூட இந்தச் சங்கிலி மெதுவாகத்தான் நகரும். 2022 ஜூலை, ஆகஸ்டில் மாலி டிரைவரின் ஓட்டைகளை ஆர்ம் அடைத்தது. நவம்பரில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழு பார்த்தபோது சாம்சங், ஷாவ்மி, ஓப்போ மட்டுமல்ல, கூகுளின் சொந்தப் பிக்சலிலும் அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை.

ஹார்டுவேரில் பலம் இருந்தும் மென்பொருள்தான் அடைத்து வைத்திருக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று, திறந்த மூல கிராஃபிக்ஸ் திட்டமான மேசாவின் டர்னிப் டிரைவர். ராப் கிளார்க் என்ற நிரலாளர் 2012இல் தொடங்கிய, அட்ரினோவுக்கான ஃப்ரீட்ரினோ முயற்சியின் வழியில் வந்த திறந்த மூல வல்கன் டிரைவர் இது. எக்ஸ்3 ப்ரோவின் அட்ரினோ 640க்குக் கம்பெனி டிரைவர் காட்டுவது வல்கன் 1.1. டர்னிப்பை ஏற்றினால் அதே சிலிக்கானில் வல்கன் 1.3 கிடைக்கிறது. விண்டோஸ் கேம்களைப் போனில் ஓட்டும் வின்லேட்டர் போன்ற ஆப்கள் இதைத் தங்களுக்குள்ளேயே ஏற்றிக்கொள்வதால் ரூட் (போனின் பூட்டை உடைத்து முழு உரிமை எடுப்பது) தேவையில்லை. அட்ரினோ 600, 700 வரிசைகளுக்கு நன்றாக ஓடும், 500 வரிசைக்கு இல்லை. சாதாரண கேமுக்கு இது உதவாது, ஏனென்றால் அவை சிஸ்டம் டிரைவரையே பிடித்துக்கொள்ளும். கம்பெனி ஆண்ட்ராய்டில் ஓடும் மாலி போனில் இப்படி டிரைவர் மாற்றி விளையாடும் வசதி அமையவில்லை. செகண்ட்ஸ் சந்தையில் அட்ரினோவுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

இனி எதை வாங்கலாம். கேம், வின்லேட்டர், பழைய கேம் கருவிகளைப் போனில் நடிக்க வைக்கும் எமுலேட்டர் என்று போகிறவர்களுக்கு ஸ்னாப்டிராகன் 865 அல்லது 870 நல்ல தேர்வு. இரண்டிலும் அட்ரினோ 650. ஒன்பிளஸ் 9ஆர், எம்ஐ 11எக்ஸ், போக்கோ எஃப்4 இந்த வகை. சாம்சங்கில் எஸ்20 எஃப்இ 5ஜி. மாடல் எண் எஸ்எம்-ஜி781பி என்று இருக்க வேண்டும். ஜி780எஃப் என்றால் அது சாம்சங்கின் சொந்தச் சிப்பான எக்ஸினோஸ் 990, மாலி ஜிபியு. பெயரும் உடலும் ஒன்றே என்பதால் கவுன்டரில் இரண்டும் கலந்துதான் கிடக்கும். எஸ்10, எஸ்20, எஸ்21 மூன்றும் இந்தியாவில் எக்ஸினோஸாகத்தான் விற்றன. யூடியூபில் அமெரிக்க எஸ்20இன் கேம் சோதனையைப் பார்த்துவிட்டு இங்கே வாங்கினால் கையில் கிடைப்பது வேறு ஜிபியு, வேறு டிரைவர்.

ஸ்னாப்டிராகன் 888, 8 ஜென் 1 இரண்டையும் நம் ஊர் வெயிலுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். தாளில் அட்ரினோ 650ஐவிடப் பெரிய ஜிபியு. ஆனால் சூடு அதிகம், சூடானதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏப்ரலில் ஈரோட்டிலும் கரூரிலும் 40 டிகிரியில், ஃபேன் மட்டும் ஓடுகிற அறையில் அந்தப் பெரிய ஜிபியுவின் பலன் சில நிமிடங்களுக்குத்தான். 8 பிளஸ் ஜென் 1 தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலையில் தயாரானது, நிலையாக நிற்கும். ஒன்பிளஸ் 11ஆர், நத்திங் போன் 2 இரண்டிலும் அதுதான் இருக்கிறது. பட்ஜெட் எட்டினால் இதுவே எங்கள் முதல் தேர்வு.

பிக்சலின் கணக்கு வேறு. அதன் டென்சர் சிப்பில் இருப்பது பெரிய மாலி. சூடும் உண்டு, கேமில் ஸ்னாப்டிராகனுக்கு ஈடில்லை. ஆனால் டிரைவரைத் தொடர்ந்து புதுப்பிப்பதில் கூகுள் மற்றவர்களைவிட முன்னால் நிற்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ரீல்ஸ் எடிட் செய்து கொடுப்பவர்கள், போட்டோ வேலை செய்பவர்கள் பிக்சல் 7 அல்லது 8 பார்க்கலாம். பிக்சல் 6ஏ மட்டும் யோசித்து வாங்குங்கள்: பேட்டரி சூடாகும் பிரச்சினைக்காக, 400 சார்ஜ் சுழற்சிக்குப் பிறகு கொள்ளளவையும் சார்ஜ் வேகத்தையும் குறைக்கும் கட்டாய அப்டேட் 2025 ஜூலையில் வந்தது.

வாட்ஸ்அப், ஜிபே, யூடியூப், எப்போதாவது ஒரு லூடோ என்றால் ஏ16 5ஜி மாதிரிப் புது போனே போதும். பாதுகாப்பு அப்டேட் வருவது அங்கே ஜிபியுவைவிட முக்கியம். யூனிசாக் டி606, ஹீலியோ ஜி35, ஜி37 உள்ள போன்களை கேமுக்கு என்று யாராவது காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதலாவதில் ஒரே கோர் மாலி-ஜி57, மற்றவற்றில் பவர்விஆர் ஜிஇ8320.

கடையில் சோதிக்க அரை மணி நேரம் கேளுங்கள். நல்ல கடைக்காரர் தருவார். செட்டிங்ஸில் பில்டு எண்ணை 7 முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, கிராஃபிக்ஸ் டிரைவர் விருப்பத்தேர்வுகளுக்குப் போய் ஏதாவது ஒரு ஆப்பைத் தொடுங்கள். இயல்புநிலை, சிஸ்டம் டிரைவர் இரண்டு மட்டும் இருந்தால் அந்த மாடலுக்குத் தனி கேம் டிரைவர் ஏற்பாடு இல்லை. கேம் டிரைவர் என்று மூன்றாவது தெரிந்தால் ப்ளே ஸ்டோர் வழியாக டிரைவர் புதுப்பிக்கும் பாதை அதில் இருக்கிறது. பிறகு ஏஐடிஏ64இல் மேலே சொன்ன வரி.

"ஆண்ட்ராய்டு 15 போட்டுக் கொடுத்திருக்கோமுங்க" என்று சொல்லி விற்கும் பழைய போன்களில் இந்த வரி மிகவும் உதவும். கஸ்டம் ராம், அதாவது கம்பெனி தராத வெளியார் ஆண்ட்ராய்டு, போட்டவர்கள் பெரும்பாலும் கம்பெனி கடைசியாகக் கொடுத்த வெண்டார் கோப்புகளையே எடுத்துக்கொள்வார்கள், அதனால் மேலே 15, கீழே டிரைவர் பழையது. ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் சான்றளிக்கப்பட்ட சாதனம் என்று வருகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் பேங்க் ஆப்கள் மக்கர் செய்யலாம், அமேசான் பிரைமில் படம் மங்கலாக வரலாம்.

எடிட்டிங் செய்பவர்கள் கைன்மாஸ்டரில் செட்டிங்ஸுக்குள் இருக்கும் சாதனத் திறன் ஆய்வை ஓட்டுங்கள். எத்தனை 1080 அல்லது 4கே அடுக்கு தாங்கும் என்று அதுவே சொல்லும். ஒரு நிமிட 4கே வீடியோவை எக்ஸ்போர்ட் செய்து, நேரத்தையும் சூட்டையும் கவனியுங்கள்.

கடைசியாக, கிராஃபிக்ஸ் சோதனை ஆப்பான 3டிமார்க்கின் வைல்டு லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட். ஒரு நிமிட ஓட்டம் 20 முறை, மொத்தம் 20 நிமிடம். இது வல்கனில் ஓடுவதால் டிரைவர், கூலிங், பேட்டரி மூன்றையும் ஒரே நேரத்தில் சோதிக்கும். ஏசி கடைக்குள் ஓட்டினால் மார்க் அழகாக வரும், அதை நம்ப வேண்டாம். வாசலில் நிழலில் வைத்து, கவரைக் கழற்றாமல், சார்ஜர் போடாமல் ஓட்டுங்கள். நிலைத்தன்மை 80 சதவீதத்துக்கு மேல் நின்றால் எடுக்கலாம். 60க்குக் கீழே விழுந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். ஓட்டத்தின் நடுவே திரையில் கோடு, கறுப்புக் கட்டம் வந்தாலோ ஆப் மூடிக்கொண்டாலோ, ரீஸ்டார்ட் செய்து இன்னொரு முறை பாருங்கள். திரும்ப வந்தால் போர்டில் கோளாறாக இருக்கலாம். போர்டு கோளாறு டிரைவரால் சரியாகாது.

காசு கொடுக்கும் முன் கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பித் திருட்டுப் போனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பில்லில் ஐஎம்இஐயோடு முழு மாடல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். "எஸ்20 எஃப்இ" என்று மட்டும் எழுதிய பில்லைக் கொண்டுபோய், ஸ்னாப்டிராகன் என்று சொல்லித்தான் கொடுத்தீர்கள் என்று பிறகு பேச முடியாது.